பதின்மூன்று முளைகள்

அன்றைக்கு வெயில் அடித்ததா, மேகம் போட்டிருந்ததா என்பதுகூடச் சங்கிலிக்கு இப்போது நிச்சயமில்லை. சம்பவம் நடந்தபோது அவருக்கு இருபத்துநாலு வயது, இப்போது அறுபத்தாறு. இடையில் அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்ல, நடந்தது எது, கேட்பவர் முகத்தைப் பார்த்து அந்தந்த நேரத்தில் சேர்த்துக்கொண்டது எது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. ஆகவே இதில் எங்காவது வெயில் என்று வந்தால் அதைப் பாதி நம்பினால் போதும்.

நிச்சயமாகத் தெரிந்தது வீட்டுவசதிக் கழகத்திலிருந்து கடிதம் வந்த நாள்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சங்கிலி பின்பக்கத்து அறையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஈரம் ஏறிப் பொருமியிருந்த சுவரைப் பழைய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் செய்கிற வேலை. காரை பொருக்குப் பொருக்காக உதிரும். உள்ளே சுவர் ஆறாத புண்போலக் கசிந்துகொண்டிருக்கும். சிமெண்ட் பூசி, வெள்ளை அடித்து, அடுத்த மழை வரை அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். மகன் கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு உள்ளே வந்து, "அப்பா, இத்தனை வருஷமா நாம அடுத்தவங்க வீட்டுல குடியிருக்கோம்" என்றான்.

"அப்ப இந்த ஈரச் சுவரும் அவங்களுதுதானா? கூப்பிடு, வந்து சுரண்டட்டும்" என்றாள் சங்கிலியின் மனைவி, சமையலறையிலிருந்து.

"வெளையாடாதம்மா. நெஜமாத்தான். பேப்பர்படி நம்ம வீடு அந்தக் கோடியில இருக்கு. ஸ்டேஷன் பக்கம்."

சங்கிலி கத்தியைக் கீழே வைத்தார். வருவதாகச் சொல்லிவிட்டு வராமலே இருந்த விருந்தாளி ஒருவர் ஒருவழியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்த மாதிரி இருந்தது அவருக்கு.

அந்த நகரம் தாளில்தான் முதலில் பிறந்தது. பழைய ஊரில் ஜனம் நெரிந்துபோய், ஒரே அறையில் இரண்டு குடும்பம் என்று ஆனபோது, பதினெட்டு மைல் தள்ளிப் புதரும் கரம்புமாகக் கிடந்த நிலத்தை வளைத்து எட்டுப் பிரிவுகளாகக் கோடு போட்டார்கள். பிரிவுக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடைவரிசை, ஒரு பூங்கா. எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் பத்து நிமிஷ நடையில் பால் வாங்கிவிடலாம் என்று கணக்கு. மரங்களைக்கூடப் பச்சை வட்டங்களாகப் படத்தில் நட்டு வைத்திருந்தார்கள். தரையில் வந்தபோது எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தன. தண்ணீருக்கு முன்னால் குழாய் வந்தது. மின்சாரத்துக்கு முன்னால் விளக்குக் கம்பம் வந்தது. பஸ் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே பஸ் நிறுத்தம் வந்து, அதன் நிழலில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. சினிமாக் கொட்டகைக்கென்று விட்ட இடத்தில் கடைசிவரை சினிமா வரவில்லை. கொஞ்ச காலம் பந்து விளையாடினார்கள், கொஞ்ச காலம் தண்ணீர் லாரிகள் நின்றன, இப்போது அங்கே நாலு மாடியில் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது.

சங்கிலி அந்த நிலத்தில் முதலில் கால் வைத்தவர்களில் ஒருவர். ஓவர்சியர் முன்னால் நடக்க, அளவைச் சங்கிலியை இழுத்துக்கொண்டு முள்ளுக்குள் பின்னால் போவதுதான் வேலை. பிறகு டேப் வந்து சங்கிலி போய்விட்டது. பெயர் மட்டும் அவர்மேல் தங்கிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கு அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். நகரம் வளர வளர அவருக்கு ஒரு பெருமையும் வளர்ந்தது. மூன்றாம் பிரிவின் ஐந்தாம் வரிசையில் புதிதாக யார் குடிவந்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வார்: "இந்தப் பதிமூணு வீட்டுக்கும் முளை அடிச்சது யாரு தெரியுமா? நான்தான். தனி ஆளா. ஒரு நூல் பிசகல."

நூல் பிசகவில்லை என்பது உண்மை. பதின்மூன்று மனைகளும் ஒரே அளவு, ஒரே வார்ப்பு. பிசகியது வேறு.

அது நடந்த விதம் இது. அல்லது, நடந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும் விதம் இது. திங்கட்கிழமை பெரிய மனிதர்கள் வந்து அடிக்கல் நாட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் எல்லா வரிசையிலும் மனை எல்லையைக் காட்டும் மரமுளைகள் நின்றாக வேண்டும். வரைபடத்தின் நகல்கள் வந்து சேராததால், ஆபீசைவிட்டு வெளியே வரக்கூடாத மூலப் படத்தையே ஓவர்சியர் சுருட்டி எடுத்து வந்திருந்தார். அது தாள் அல்ல, மெழுகுத்துணி மாதிரி ஒரு துணி. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கலான பக்கத்தில் மையால் வரைவார்கள். ஆனால் எந்தப் பக்கம் பிடித்தாலும் கோடு தெரியும். மற்ற வரிசைகளில் ஓவர்சியரே கூட நின்றார். ஐந்தாம் வரிசைக்கு வரும்போது அவருக்குக் காய்ச்சல், அல்லது பெரிய ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். எதுவோ ஒன்று. படத்தைச் சங்கிலியின் கையில் கொடுத்து, "ரோடு கோட்டை ரோட்டோட பொருத்திக்க. செவப்புப் புள்ளி இருக்கற கோடிதான் ஒண்ணாம் நம்பர். அங்கேர்ந்து வரிசையா அடிச்சிட்டுப் போ. உனக்குப் படிக்கத் தெரியும்ல?" என்று கேட்டார்.

"தெரியும் சார்" என்றார் சங்கிலி.

தெரியாது. ஓர் எழுத்தும் தெரியாது, ஓர் எண்ணும் தெரியாது. தெரியும் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். முளைகளில் பெயிண்டர் எண் எழுதி, ஒன்றின்மேல் ஒன்றாக வரிசை கலையாமல் கட்டித் தந்திருந்தார். மேலிருந்து ஒவ்வொன்றாக உருவி அடித்தால் போதும். படத்தை விரித்தபோது பளபளவென்று கண்ணில் அடித்தது. சிவப்புப் புள்ளி கிழக்குப் பக்கம் இருந்தது. கிழக்கிலிருந்து ஆரம்பித்தார்.

வீடுகள் எழும்பின. எண்கள் முளையிலிருந்து கதவுக்கு ஏறின. குலுக்கல் போட்டு, சீட்டில் வந்த எண்ணுக்குச் சாவி கொடுத்தார்கள். சீட்டில் உள்ள எண்ணும் கதவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கும்போது, ஆபீஸ் அலமாரியில் சுருட்டி வைத்திருக்கும் படத்தை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்? பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துச் சங்கிலி எழுத்துக் கற்றுக்கொண்டார். யாரிடம் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அதன் பிறகு ஒருநாள் ஆபீசில் யாரோ ஒரு படத்துணியைத் திருப்பிப் போட்டிருந்ததைப் பார்த்தார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தது. பளபளப்பான பக்கம் மேலே இருந்தது. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள், அப்படியெல்லாம் இருக்காது என்று தமக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆக, கண்ணில் அடித்த அந்தப் பளபளப்பு முளை அடித்த அன்றைக்கே இருந்ததா, இல்லை பிற்பாடு பயத்தில் நினைவுக்குள் புகுந்துகொண்டதா? அதுதான் அவருக்குத் தெரியவில்லை.

இப்போது கழகம், குத்தகையாக இருந்த வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே சொந்தமாக எழுதிக்கொடுக்க முடிவு செய்து, முக்காலிமேல் கருவி வைத்து நகரம் முழுவதையும் புதிதாக அளந்திருந்தது. மூலப் படத்தில் ஒன்றாம் எண் மேற்குக் கோடி. தரையில் அது கிழக்குக் கோடி. இரண்டாம் எண்ணுக்குப் பன்னிரண்டு, மூன்றுக்குப் பதினொன்று என்று வரிசையே கண்ணாடியில் விழுந்த மாதிரி திரும்பிக் கிடந்தது. நடுவில் ஏழாம் எண் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அந்த வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் இருந்தார்.

அவர் வீட்டு முன்வாசலில்தான் எல்லோரும் கூடினார்கள். கண்டக்டர் நாற்காலிகளை எடுத்துப் போட்டபடி, "எனக்கு மட்டும் டிக்கெட்டுல இருக்கற சீட்டும் உக்காந்திருக்கற சீட்டும் ஒண்ணு. மத்தவங்கள்லாம் எந்திரிங்க, செக்கிங் வந்தாச்சு" என்றார். கிழக்குப் பக்கத்து ஆறு வீட்டிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. மேற்குப் பக்கத்து ஆறு வீட்டுக்காரர்கள் சிரிக்காமலிருக்கச் சிரமப்பட்டார்கள். அதற்கு முன்தினமே பதினோராம் நம்பர்க்காரர் "சும்மா" என்று சொல்லிக்கொண்டு மூன்றாம் நம்பர் வீட்டுக்குப் போய், சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். மூன்றாம் நம்பர்க்காரி அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம்.

சர்வே அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் பேசினாள். "ஒண்ணு, நிலம் தாள் சொல்றதைக் கேக்கணும். இல்லேன்னா, தாள் நிலம் சொல்றதைக் கேக்கணும். தாளைத் திருத்தறது எனக்கும் சுலபம்தான். ஆனா தப்பு எங்க நடந்துச்சுன்னு எழுதியாகணும். 'எப்படியோ மாறிப்போச்சு'ன்னு எழுதினா மேல இருக்கறவங்க தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் பேப்பர்ல உள்ளபடி எல்லாரும் வீடு மாற வேண்டியதுதான். அன்னைக்கு முளை அடிச்ச ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

கண்டக்டர் சங்கிலியைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு வருஷப் பெருமை அப்படி ஒரேயடியாகத் திரும்பி முகத்தில் அறையும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"தனி ஆளா அடிச்சேன்னு சொல்வீங்களேண்ணே" என்றார் கண்டக்டர், குரலைத் தாழ்த்தி.

"ஓவர்சியர் போய்ச் சேந்துட்டார். நான்தான் இருக்கேன்" என்றார் சங்கிலி. "யோசிச்சுச் சொல்றேம்மா."

"ஒரு வாரத்துல ஆபீசுக்கு வாங்க ஐயா. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மகன் குளிர்பெட்டி, சலவை இயந்திரம் பழுதுபார்ப்பவன். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சந்தில் வாடகைக்கு இடம் பிடித்துத் தொழில் செய்தான். கிழக்குக் கோடி வீடு கிடைத்தால் முன் அறையே கடை. ஆனால் அவனுக்கு அது இரண்டாம்பட்சம்தான். மேற்குக் கோடியில் இருந்த அவர்களுடைய பதின்மூன்றாம் நம்பர் வீட்டை ஒட்டினாற்போல மழைநீர்க் கால்வாய் ஓடியது. ஆரம்பத்தில் அது அங்கே இல்லை. குடிவந்து மூன்றாம் வருஷம் வெட்டினார்கள். மேல் பிரிவுகள் நிரம்ப நிரம்ப அவற்றின் தண்ணீரெல்லாம் இந்த வழியாக வந்து, ஒவ்வொரு மழைக்கும் சுவருக்குள் ஏறியது. பேத்திக்கு ஏழு வயது. அவள் தூங்கும்போது மூச்சில் ஒரு விசில் சத்தம் கேட்கும். டாக்டர், வீட்டை மாற்றுங்கள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் யாரோட வீட்டையும் கேக்கலப்பா" என்றான் மகன், மூன்றாம் நாள், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு. "நம்ம வீட்டைக் கேக்கறேன். பேப்பர்ல இருக்கு. நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். ஞாபகமில்லேன்னு சொன்னாப் போதும். அது பொய்யா?"

அது பொய் இல்லை. அதுதான் சங்கிலிக்குச் சங்கடம்.

"அவரு யோசிக்கட்டும்டா" என்றாள் மனைவி. "யோசிக்கறேன்னு சொல்லியே பாதி ஆயுசை ஓட்டினவரு, ஒரு வாரம் தாங்க மாட்டாரா?"

ஐந்தாம் நாள் மத்தியானம், மகன் இல்லாத நேரமாகப் பார்த்துத் தையல்காரம்மா வந்தார். ஒன்றாம் நம்பர், கிழக்குக் கோடி. சாவி கொடுத்த அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நின்று அவர் அழுதது சங்கிலிக்கு நன்றாக ஞாபகமிருந்தது. அதில் சந்தேகமே இல்லை. அப்போது அந்தக் கோடிதான் எல்லோரும் ஐயோ பாவம் என்ற கோடி. வீட்டை உரசினாற்போல சிமெண்ட் லாரிகள் போகும் மண் பாதை. சோற்றில், தலையணையில், குழந்தையின் காதில், எங்கும் புழுதி. மேற்குக் கோடியில் வெட்டவெளியும் காற்றும். புழுதியைத் தடுக்க அந்த அம்மா பழைய துணிகளை ஒட்டுப்போட்டு ஜன்னலுக்குத் திரை தைத்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், அதற்கடுத்த வரிசைக்காரி கேட்டாள். அப்படி வந்ததுதான் தொழில். இருபது வருஷம் கழித்து மண் பாதை பெரிய சாலையானது, சாலை முனையில் ரயில் நிலையம் வந்தது. புருஷன் போய்விட்டார், மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். முன் அறையில் ஐந்து தையல் மெஷின்கள், நாலு பெண்கள், ரயில் பிடிக்கப் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போய்த் திரும்பும்போது வாங்கிக்கொள்ளும் உடுப்புகள்.

உட்காரச் சொன்னபோது அவர் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். என் மூஞ்சிக்காகப் பொய் சொல்லிடாதீங்க."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"சொல்லிடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? நெஜமாவே ஞாபகம் இருந்தா சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிடறேன். இல்லேன்னா விட்டுடுங்க. உங்க பேத்தி இருமறது எனக்கும் தெரியும். இனாமாக் கெடச்ச வீட்டுல உக்காந்தா எனக்கு ஊசி நேராப் போகாது."

சொல்லிவிட்டு அவர் உடனே போயிருக்கலாம். ஆனால் அவர் கண் பின்னறைப் பக்கம் போனது. சுரண்டி விட்டிருந்த சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். துணியை வெட்டுவதற்கு முன் பார்க்கிற அதே பார்வை. "மெஷினை இந்தச் சொவத்துலேர்ந்து ரெண்டடி தள்ளிப் போடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "துணியை மேல, பரண்ல வெச்சுக்கலாம்." பிறகு, தாம் சொன்னது மற்றவர் காதில் விழுந்துவிட்டது தெரிந்து, முகம் சிவந்து, விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

சங்கிலி வெகுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஏழாம் நாள் மகன்தான் வண்டியில் ஆபீசுக்கு அழைத்துப் போனான். கூடவே உள்ளே வந்து, கதவோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். அதிகாரி அலமாரியைத் திறந்து, தகரக் குழாய் ஒன்றிலிருந்து அந்தப் படத்துணியை உருவி மேஜைமேல் விரித்தாள். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. சிவப்புப் புள்ளி வெளிறி, காய்ந்த ரத்தப் பொட்டுமாதிரி இருந்தது. நாலு மூலையிலும் பேப்பர்வெயிட் வைத்தாள்.

"இதுதானா ஐயா?"

சங்கிலி மூலைப் பாரங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். துணியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மங்கலான பக்கத்தைப் பார்த்தார். எண்கள் ஒழுங்காக, மேற்கிலிருந்து கிழக்காக, ஒன்று முதல் பதின்மூன்று. திருப்பினார். வெளிச்சம் வழுக்கி வந்து கண்ணில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இருபத்துநாலு வயதில் இதே துணியைப் பிடித்து நின்ற கையைத் தேடினார். முள் கீறிய கை தெரிந்தது. வியர்வை தெரிந்தது. சுத்தியல் சத்தம் கேட்டது. துணியின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது மட்டும் வரவே இல்லை. அதிகாரி அவசரப்படுத்தவில்லை.

"ஞாபகம் வருதா ஐயா?"

"இல்லம்மா."

கதவோரம் மகன் மூச்சு விட்டது அவருக்குக் கேட்டது.

"பளபளன்னு கண்ணுல அடிச்ச மாதிரி இருக்கு. ஆனா அது இதுதானான்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அதை எழுதாதீங்க."

"அப்ப நான் எதை எழுதறது?"

சங்கிலி துணியை மேஜையில் வைத்து, சுருங்கிய ஓரத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"அன்னைக்கு எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை எழுதுங்க."

"என்ன சொல்றீங்க?"

"ஒரு எழுத்து தெரியாதும்மா. நம்பரும் தெரியாது. தெரியும்னு பொய் சொல்லித்தான் வேலையில சேந்தேன். எழுத்து தெரிஞ்சவன் எவனும் இதைத் திருப்பிப் பிடிக்க மாட்டான். கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கும், பாத்த ஒடனே தெரிஞ்சிடும். தெரியாதவனுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். இந்த நகரத்துல எட்டுப் பிரிவு இருக்கு. எத்தனை வரிசை இப்படித் திரும்பிக் கெடக்கு?"

"இது ஒண்ணுதான்."

"எழுத்து தெரியாத ஆளு தனியா நின்னு அடிச்சதும் இது ஒண்ணுதான்."

அதிகாரி எழுதினாள். அவள் பேனா நிற்காமல் ஓடுவதையே சங்கிலி பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் அவள் கை தன்னையறியாமல் கைநாட்டுக்கான மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தியது. பாதி வழியில் நிறுத்தி, "மன்னிச்சிடுங்க" என்று பேனாவைக் கொடுத்தாள். அவர் ஒவ்வோர் எழுத்தாக, புள்ளிகளைக் கடைசியில் வைத்து, கையெழுத்துப் போட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர்.

"இது போதுமாம்மா?"

"போதும்னுதான் நெனைக்கறேன். இதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்க முடியாது." கொஞ்சம் தயங்கி, "உங்களுக்குத்தானே ஐயா நஷ்டம்?" என்றாள்.

சங்கிலி பெஞ்சைப் பார்த்தார். அங்கே மகன் இல்லை. வெளியே போய் வண்டியின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பியது. நாலாம் பிரிவு, பூங்கா, பல் ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். குழந்தைகள் சாலையைக் கடக்க வண்டிகளெல்லாம் நின்றன. மகன் திரும்பாமலே பேசினான்.

"ஒண்ணாங் கிளாஸ்ல, தெனம் சாயங்காலம் பக்கத்துல வந்து உக்காந்துக்குவீங்க. 'இன்னொரு தடவை படி, சத்தமாப் படி, வெரலை வெச்சுப் படி'ன்னு."

"ம்."

"நான் தப்பாப் படிக்கறேன்னு நெனச்சேன். பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன்."

"நீ ஒரு தடவைகூடத் தப்பாப் படிச்சதில்லடா" என்றார் சங்கிலி. "தப்பாப் படிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

மகனின் முதுகு ஒருமுறை குலுங்கியது. சிரித்தானா, வேறெதுவுமா என்று பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை. குழந்தைகள் கடந்து முடித்தும் வண்டி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "இதைச் சொல்லவா ஒரு வாரம்? எனக்குத்தான் கல்யாணமான மாசமே தெரியுமே" என்றாள்.

"தெரியுமா?"

"எங்கப்பா போட்ட கடுதாசியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, 'எல்லாரும் சௌக்கியமாம், உன்னைக் கேட்டாங்களாம்'னு படிச்சீங்க. எங்க பெரியப்பா செத்துப்போன சேதி அது."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"அவ்வளவு நல்லாப் படிச்சீங்க. கெடுக்க மனசு வரல" என்றாள். பிறகு மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு, ஈரம் ஏறாத சுவரோரம் இருந்த அலமாரிப் பக்கம் போனாள். அவள் நடையில் கோபம் இருந்தது. அது எதற்கான கோபம் என்று சங்கிலி கேட்கவில்லை; கேட்கக்கூடாத கோபம் என்று தெரிந்தது.

படத்தைத் திருத்தக் கழகத்துக்கு ஏழு மாதம் ஆயிற்று. பழைய எண்களைச் சிவப்புக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது எண்களை எழுதி, அடியில் இரண்டு கையெழுத்து. பதின்மூன்று பேரும் அவரவர் இருந்த இடத்திலேயே சொந்தக்காரர்கள் ஆனார்கள். பதினோராம் நம்பர்க்காரரும் மூன்றாம் நம்பர்க்காரியும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. கண்டக்டர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது இரண்டு நர்சுகள் குடியிருக்கிறார்கள். சர்வே அதிகாரிக்கு மாற்றல் வந்து, இன்னும் முப்பது மைல் தள்ளி அடுத்த புது நகரத்துக்குக் கோடு போடுகிற இடத்துக்குப் போனாள். தையல்காரம்மா நன்றி சொல்ல வரவில்லை. பேத்திக்கு மூன்று உடுப்பு தைத்து ஆள்மூலம் அனுப்பினார், அளவு எடுக்காமலே. மூன்றும் கச்சிதமாக இருந்தன.

மகன் தன் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எட்டாம் பிரிவில் மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனான். குழந்தைக்கு இப்போது மூச்சில் விசில் வருவதில்லை. ஐந்து மாதம் அவன் இந்தப் பக்கம் வரவில்லை. மழைக்காலத்தின் முதல் பெருமழை நின்ற காலையில், சொல்லாமல் கொள்ளாமல் வண்டியில் ஒரு சின்னப் பம்பைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டை முழங்கால் வரை மடித்து, பின்னறைத் தண்ணீருக்குள் இறங்கிப் பம்பை வைத்தான். குழாயின் மறுமுனையைச் சங்கிலி வாங்கி, மதில்மேல் கால்வாய்ப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். பம்பு இரண்டு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாய் அவர் கையில் உயிர் வந்த மாதிரி துள்ளியது. "கெட்டியாப் பிடிங்கப்பா" என்றான் மகன் உள்ளேயிருந்து. அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.